விளம்பரப் பலகையில் சிரித்தவன்

"அவன்தான். சத்தியமா அவன்தான்" என்றாள் பெலாஜியா. காலையிலிருந்து இது பதினோராவது தடவை. எடித்தா எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

மனிலாவின் எட்ஸா சாலைக்குக் குறுக்கே போகும் நடைமேம்பாலத்தில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். கீழே பஸ்களும் ஜீப்னிகளும் ஒன்றையொன்று முட்டாத குறையாக நகர்ந்தன. எதிரே, நாலு மாடி உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ் பலகை. அதில் ஒரு மேஜையைச் சுற்றி ஏழு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சினிமா முகங்கள் இல்லை. பனியனும் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகச் சாதாரண சனங்கள். அவர்களுக்குப் பின்னால், நட்டநடுவில், ஓர் இளைஞன் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான். முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது.

'தாரா போக்கர். வாங்க, உங்களுக்கும் இடம் இருக்கு!'

அந்தச் சிரிப்புக்காரன்தான் பெலாஜியாவின் ஒரே மகன் ரொம்மெல். சோர்சோகோனிலிருந்து மனிலாவுக்குக் கட்டட வேலைக்கு வந்தவன். இரண்டு வருஷமாக ஒரு போன் இல்லை, ஒரு தகவல் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் உறவுக்காரர் கல்யாணத்துக்காகத் தலைநகரத்துக்கு வந்த பெலாஜியா, பஸ் ஜன்னல் வழியாக இந்தப் பலகையைப் பார்த்துவிட்டு நடுரோட்டில் கத்தி பஸ்ஸை நிறுத்தியிருக்கிறாள். கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றிலிருந்து தினமும் இந்த மேம்பாலத்தில் வந்து நிற்கிறாள். பாலத்தில் செருப்பு விற்கிற பெண் பரிதாபப்பட்டு எடித்தாவின் விலாசத்தைக் கொடுத்திருக்கிறாள்.

எடித்தா லக்சமானாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளை மோப்பம் பிடிக்கும் வேலையில் இருபது வருஷம் இருந்தவள். இப்போது குபாவோவில், ஒரு பல் டாக்டரின் தலைக்கு மேல் மாடியில் தனியாகத் துப்பறிகிறாள். அவளுடைய உதவியாளன் போயெத், ஒரு காலத்தில் ரேடியோவில் சோப்பு விளம்பரம் படித்தவன். குரலும் தொப்பையும் இன்னும் அப்படியே இருக்கின்றன.

"அம்மா, ரொம்மெலுக்கு சீட்டாட்டம் பழக்கமா?" என்று கேட்டாள் எடித்தா.

"தெரியவே தெரியாதும்மா. ஆர்ட்டின் எது, இஸ்பேட் எதுன்னுகூட அவனுக்குத் தெரியாது. அவங்கப்பன் சேவல் சண்டையில அழிஞ்சதைப் பாத்து வளர்ந்த புள்ள." பெலாஜியா முந்தானையில்லாத தன் கவுனின் கழுத்துப்பட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இங்க வந்து கத்துக்கிட்டான் போல. கத்துக்கட்டும். ஆடட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு மட்டும் வரட்டும்."

"வந்துடுவார்மா. இவ்வளவு பல்லை வெச்சிக்கிட்டு ஒருத்தர் ஒளிஞ்சிருக்கவே முடியாது" என்றான் போயெத்.

அவள் சிரித்துவிட்டாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக இருக்கும்.

"போன கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தி ஏத்துச்சு, தம்பி. ரொம்மெலுக்கும் ஒண்ணு ஏத்துன்னு சாமியார் சொன்னார். நான் ஏத்தல. உயிரோட இருக்கற புள்ளைக்கு எதுக்கு மெழுகுவத்தி? எல்லாரும் என்னைப் பைத்தியம்னாங்க. இப்ப பாரு." அவள் பலகையைக் காட்டினாள். "என் புள்ள நாலு மாடி உசரத்துக்கு நிக்கறான்."

எடித்தாவிடம் இருந்த துப்பு அந்தப் படம் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

மகாத்தியில் பத்தொன்பதாவது மாடி. விளம்பரக் கம்பெனியின் குளிரில் போயெத்தின் மீசை விறைத்துக்கொண்டது. கிகோ லெடெஸ்மா என்ற முப்பது வயதுக்காரன்தான் தாரா போக்கர் என்ற சீட்டாட்டக் கம்பெனியின் விளம்பரத்துக்குத் தலைமை. நல்ல பையன்தான். தன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் சாப்பாட்டை மறந்துவிடுகிற ரகம்.

"போக்கர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?" என்று அவனே ஆரம்பித்தான்.

"என் மாமனார் வித்த மோட்டார் சைக்கிள்" என்றான் போயெத்.

"அதேதான் சார்! பயம். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, உம்முனு ஒரு மூஞ்சி, முன்னாடி மலையா குவிச்ச காய்ன். அதெல்லாம் ஏற்கெனவே ஆடறவங்களுக்கு. புதுசா வர்றவன் அதைப் பாத்தா 'இது நமக்கு இல்லப்பா'ன்னு ஒதுங்கிடுவான். அவனுக்கு ஜெயிக்கற ஆசையைக் காட்டவே கூடாது."

"பின்ன என்னத்தைக் காட்டணும்?" என்றாள் எடித்தா.

"துணை." கிகோ குரலைத் தாழ்த்தினான். "யோசிச்சுப் பாருங்க மேடம். வேலை முடிஞ்சு வந்து ஒருத்தன் தனியா ரூம்ல உக்காந்திருக்கான். சொந்த ஊர் எங்கேயோ இருக்கு. கூப்பிட ஆளில்ல. அவனுக்கு சீட்டு முக்கியமா? இல்ல. நாலு பேர் நடுவுல உக்கார ஒரு நாற்காலி. 'தோத்தா பரவால்ல, வாடா'ன்னு சிரிக்கற ஒரு மூஞ்சி. அவ்ளோதான். இந்தப் பலகை வெச்சதிலேருந்து புது ஆளுங்க மூணு மடங்கு வந்திருக்காங்க."

அவன் சொல்லுகிற அந்த 'ஒருத்தன்' இந்த ஊரில் லட்சக்கணக்கில் இருக்கிறான். ரொம்மெலும் அவர்களில் ஒருவனாகத்தான் இருந்திருப்பான். தனியாக இருக்கிறவனின் வலி தெரிந்த ஒருவன், அந்த வலியின் மேலேயே கடை போட்டிருக்கிறான். இவனைத் திட்டவும் முடியவில்லை, பாராட்டவும் முடியவில்லை.

"இந்தச் சிரிக்கற பையன் யாரு?"

"பேரு தெரியாது. மாடலே யாரும் கிடையாது மேடம், எல்லாம் நிஜ மனுஷங்க. 'நீங்க வீட்ல சீட்டாடற படத்தை அனுப்புங்க'ன்னு போட்டி வெச்சோம். நாலாயிரம் படம் வந்துச்சு. இதுதான் முதல் பரிசு. ஆனா ஒரு சிக்கல், எல்லாரும் அவங்கவங்க சீட்டையே முறைச்சிட்டிருந்தாங்க. படத்துல ஓரமா இவர் முகம் இருந்துச்சாம். எங்க டிசைனர் அதை எடுத்து நடுவுல வெச்சார். படமே மாறிடுச்சு!"

"அசல் படத்தைக் காட்டுங்க."

"நான் பாத்ததே இல்ல. பரிசுக்குப் படத்தைத் தேர்ந்தெடுத்ததே டிசைனர்தான், அவர் முடிச்சுக் குடுத்ததைத்தான் பாத்தேன். அவர் போன மாசம் சிங்கப்பூர் போயிட்டார்."

"பரிசு வாங்கினவங்க விலாசம்?"

அதைக் கொடுக்கக் கூடாது என்று கிகோ சட்டம் பேசினான். எடித்தா பெலாஜியாவின் படத்தைத் தன் போனில் காட்டினாள். மேம்பாலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பலகையைப் பார்த்து நிற்கிற ஒரு தாய். கிகோ அதைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். கோரிங் பனலிகன், நவோதாஸ்.

"பரிசு என்ன குடுத்தீங்க?" என்றான் போயெத்.

"ரைஸ் குக்கர்."

"நாலு மாடி உசரத்துக்கு ஊரான் மூஞ்சியை மாட்டிட்டு ஒரு குக்கரா?"

"ஒன்றரை லிட்டர் சார்" என்றான் கிகோ, கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.

நவோதாஸ் போகும் வழியெல்லாம் மழையும் நெரிசலும். போயெத் வண்டி ஓட்ட, எடித்தா மடியில் அதே படத்தின் துண்டுப் பிரசுரத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சிக்னலில் வண்டி நின்றதும் கேட்டாள்.

"போயெத், உன் வீட்ல சீட்டுக் கச்சேரி நடந்தா மேஜை மேல என்ன இருக்கும்?"

"பீரு. வறுத்த பன்னிக் காது. கொஞ்சம் தள்ளி என் பொண்டாட்டி, முறைச்சுக்கிட்டு."

"இதுல என்ன இருக்குன்னு பாரு."

அவன் எட்டிப் பார்த்தான். "தர்பூசணி விதை. பிஸ்கட்டு. மிட்டாய். காபி. என்னக்கா இது, பீர் பாட்டில் ஒண்ணுகூட இல்லாம ஏழு ஆம்பளைங்க பொம்பளைங்க உக்காந்திருக்காங்க?"

"சிவப்புச் சட்டை போட்டவங்க எத்தனை பேரு?"

"யாரும் இல்ல."

"அந்தக் கிழவர் சட்டையில சின்னதா ஒரு கறுப்புத் துணி குத்தியிருக்கு. மேஜை நடுவுல ஒரு பிஸ்கட் டப்பா, மூடியில ஓட்டை போட்டது. பச்சை பனியன்காரர் அதுக்குள்ள காசு போடறார். ஜெயிச்ச பணத்துல ஒரு பங்கு."

போயெத்தின் விசில் பாதியில் நின்றது. "அக்கா, இது சாவு வீடு!"

பின்னால் ஹாரன்கள் அலறின. அவன் வண்டியை நகர்த்தினான்.

மனிலாவில் பிறந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. சாவு வீட்டுக்குச் சிவப்பு உடுத்திப் போகக் கூடாது, துக்கத்துக்குச் சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொள்ள வேண்டும். செத்தவரை அடக்கம் செய்கிறவரை ஒரு நிமிஷம் தனியாக விடக் கூடாது. ராப்பகலாக யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கிறவர்கள் தூங்கிவிடாமல் இருக்கச் சீட்டு. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பங்கு டப்பாவுக்குள் போகும், அது செத்தவர் குடும்பத்துக்கு. நம் சனங்கள் நாலு பேர் பார்க்கக் கூச்சமில்லாமல் சீட்டெடுக்கிற இடம் வேறு எது? போட்டிக்கு வந்த நாலாயிரத்தில் மூவாயிரம் இந்த மாதிரிப் படமாகத்தான் இருக்கும். மதில் கட்டிய குடியிருப்பில் வளர்ந்து, அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த கிகோவுக்கு அது வீட்டு விருந்தாகத் தெரிந்திருக்கிறது.

"அப்ப ரொம்மெல் யாரோட சாவுக்கோ போயிருக்கான்" என்றாள் எடித்தா. அவள் குரலில் வேகம் வந்துவிட்டது. "அது தெரியாதவங்க வீடா இருக்காது. கூட வேலை பாத்தவனோ, வீட்டுக்காரரோ. செத்தது யாருன்னு தெரிஞ்சா போதும், யார் யார் வந்தாங்கன்னு அந்த வீட்ல சொல்லிடுவாங்க."

"நம்ம தொழில்ல முதல் தடவையா செத்தவன் வந்து உயிரோட இருக்கறவனைக் காட்டிக் குடுக்கப் போறான்."

"ஒண்ணுதான் இடிக்குது. மத்தவங்க மேல டியூப் லைட் வெளிச்சம் மேலேருந்து விழுது. இவன் முகத்துல மட்டும் பக்கவாட்டுல வெயில்."

"டிசைனர் நகர்த்தினான்ல? நகர்த்தறப்ப கொஞ்சம் வெயில் பட்டிருக்கும்."

இருபது வருஷ அனுபவம் உள்ளவள் அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். எடித்தா யோசிக்கவில்லை. காலையில் ஒரு தாய் சிரித்ததைப் பார்த்துவிட்ட பிறகு, படம் எதைச் சொன்னால் நன்றாக இருக்குமோ அதைத்தான் அவளும் அதில் பார்த்தாள். அதோடு விட்டாளா? பெலாஜியாவுக்குப் போன் போட்டு, "சாயங்காலத்துக்குள்ள நல்ல சேதி வரும்போல இருக்கும்மா" என்று வேறு சொல்லிவிட்டாள். அந்த வாக்கியத்துக்காகப் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

நவோதாஸில் ஒரு கருவாட்டுச் சந்தின் கடைசியில் கோரிங் அரிசிக் கஞ்சி விற்றுக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெரிய அண்டாவில் கஞ்சி கொதிக்க, பக்கத்தில் பரிசு குக்கர் முட்டை அவித்துக்கொண்டிருந்தது.

எடித்தா துண்டுப் பிரசுரத்தை நீட்டினாள். "இது நீங்க அனுப்பின படமா?"

கோரிங் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். உடனே சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஐயய்யோ! இவனை எதுக்கு உள்ள கொண்டாந்து வெச்சாங்க?"

"நீங்க பலகையைப் பாக்கலயா?"

"இந்தச் சந்தை விட்டு நான் எங்கம்மா போறேன்? குக்கரை ஒருத்தன் கொண்டாந்து குடுத்தான், கையெழுத்து வாங்கினான், போனான். கடவுளே, இவன் ஆடவே இல்லையே!"

"அப்ப நின்னு வேடிக்கை பாத்தானா?" என்றான் போயெத்.

கோரிங் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்தாள். விரலால் தள்ளித் தள்ளித் தேடி, ஒரு படத்தில் நிறுத்தி, எடித்தாவின் கையில் கொடுத்தாள்.

அதே மேஜை, அதே ஏழு பேர், அதே காலி நாற்காலி. மேஜைக்கு இடப்பக்கம் வெள்ளைச் சவப்பெட்டி ஒன்று இருந்தது. நாலு மூலையிலும் விளக்கு. பெட்டியின் கண்ணாடி மூடிக்கு மேல் ஒரு சட்டமிட்ட படம். சட்டத்துக்குள்ளே, எங்கோ ஒரு வெயிலில் நின்றபடி, ரொம்மெல் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா" என்றான் போயெத்.

எடித்தா அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ மொய்த்த ஈயை விரட்டினார்கள், யாரோ இன்னொரு கிண்ணம் கஞ்சி கேட்டார்கள். அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

"ஆல்வின் சபாதோன்னு பேரு சொன்னாங்க" என்றாள் கோரிங். "அது நெசப் பேரு இல்ல. வேற யாரோட அடையாள அட்டையையோ காட்டித்தான் கட்டட வேலையில சேந்தானாம். சாரத்துலேருந்து விழுந்துட்டான். கூட்டாளி ஒருத்தன் ஒரு நாள் வந்து அழுதான். 'ரொம்மு, ரொம்மு'ன்னுதான் கூப்பிட்டான். அப்புறம் அவனும் பயந்துக்கிட்டு வரல. சவ அடக்கக் கடையில கேக்க ஆளில்லாம கிடந்தது உடம்பு. அப்பதான் அந்த ஆளு வந்தான்."

"எந்த ஆளு?"

"சீட்டாட்டம் நடத்தறவன். வெறும் தெருவுல ஆடினா போலீஸ் அள்ளிட்டுப் போயிடும். பக்கத்துல ஒரு பெட்டி இருந்தா யாரும் கிட்ட வர மாட்டாங்க. அதுக்காக ஆளில்லாத உடம்பை வாங்கிட்டு வந்து கூடாரம் போட்டுட்டான். மூணு நாள், அஞ்சு நாள்னு எல்லா எடத்துலயும் வெப்பாங்க. இவனை நாப்பத்தொரு நாள் வெச்சிருந்தாங்க. ஆட்டம் நல்லா ஓடுச்சு, புதைக்க மனசு வரல."

"நீங்க பாத்துட்டு சும்மாவா இருந்தீங்க?" போயெத் வெடித்தான். ரேடியோக் குரல் சந்து முழுக்கக் கேட்டது.

"சும்மா இல்ல. கஞ்சி வித்தேன்." கோரிங் தலையைக் குனியவில்லை. "ராத்திரியெல்லாம் அங்கதான் யாவாரம். நான் யோக்கியம்னு சொல்ல வரல, அண்ணே. ஆனா முகமே இல்லாம ஒரு பெட்டி கிடக்கக் கூடாதுன்னு தோணுச்சு. அந்தக் கூட்டாளி போன்லேருந்து படம் வாங்கி, பெருசு பண்ணி, சட்டம் போட்டு வெச்சது நான்தான். முத வாரக் கூலி வாங்கின அன்னிக்கு எடுத்துக்கிட்டதாம். ஆட்டக்காரங்க வர்றப்ப ஒவ்வொருத்தனும் அதைத் தொட்டு சிலுவை போட்டுட்டுத்தான் உக்காருவான். போட்டிக்கு சீட்டாடற படம் கேட்டாங்க, எங்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான். பெட்டியை வெட்டிடுவாங்கன்னு நெனச்சேன். பெட்டியை வெட்டிட்டு, இவனை எடுத்து ஆட விட்டுட்டாங்க."

நவோதாஸ் பொதுக் கல்லறையில், மதிலை ஒட்டிய அடுக்கில், வேறொருவன் பெயரில் ரொம்மெல் இருந்தான். கோரிங் இடத்தைச் சொன்னாள். எடித்தா எழுதிக்கொண்டாள்.

வண்டிக்குத் திரும்பியதும் கிகோவுக்குப் போன் போட்டாள். அவள் கத்தவில்லை. நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னாள்.

"அந்தப் பலகையை இப்பவே கழட்டணும்" என்றாள். "அந்த அம்மா இன்னொரு நாள் அதைப் பாக்கக் கூடாது."

"ஆள் அனுப்பறேன் மேடம். இப்பவே அனுப்பறேன்." கிகோவின் குரல் உடைந்திருந்தது. "எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது."

அவர்கள் மேம்பாலம் ஏறியபோது மணி நாலு. மழை விட்டிருந்தது. நல்ல சேதி வரப்போகிறது என்பதால் பெலாஜியா உடை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். கல்யாணத்துக்கென்று கொண்டுவந்து போடாமல் வைத்திருந்த நீல நிறக் கவுன். லேசாக உதட்டுச்சாயம்கூட. அவர்களைக் கண்டதும் கையை ஆட்டினாள்.

எடித்தா எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட சேதி சொன்னவள். அந்த முப்பது அடி தூரம் நடக்க அவளால் முடியவில்லை. போயெத் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

சுற்றி வளைக்காமல் சொன்னாள். சாரம், வேறொருவன் பெயர், கல்லறை. படம் எப்படி வந்தது என்பதையும் சொன்னாள். மறைத்திருக்கலாம், ஆனால் அந்தத் தாய் மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது எதை என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. பெலாஜியா கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. அவள் முகத்தில் உதட்டுச்சாயம் மட்டும் தனியாகத் தெரிந்தது.

"என் புள்ள சீட்டாடல" என்றாள் கடைசியில்.

"இல்லம்மா. ஆடல."

"எத்தனை நாள் வெச்சிருந்தாங்கன்னு சொன்னே?"

"நாப்பத்தொரு நாள். அதுக்கு அவங்க மேல கேஸ் போடலாம்மா, நான் விட மாட்டேன், அந்த ஆளைத் தேடிப் பிடிச்சு..."

"ராத்திரியில ஆள் இருந்தாங்களா?"

எடித்தாவுக்குக் கேள்வி புரியவில்லை. போயெத்துக்குப் புரிந்தது. "இருந்தாங்கம்மா" என்றான். "ராத்திரிதான் கூட்டமே."

"ஒரு ராத்திரிகூடத் தனியா விடலயே?"

"விடல."

"முகத்தைப் பாத்துக் கும்பிட்டுட்டுதான் உக்காந்தாங்களா?"

"ஆமாம்மா. ஒவ்வொருத்தரும்."

பெலாஜியா கண்ணை மூடிக்கொண்டாள். "நாப்பது நாள் உசிரு இங்கேயே சுத்திக்கிட்டிருக்கும்னு சொல்லுவாங்க. போக்கிடம் தெரியாம. அது கிளம்பிப் போற வரைக்கும் கூட ஆள் இருந்திருக்காங்க." மூச்சை இழுத்து விட்டாள். "ஊர்ல நான் வெச்சிருந்தா மூணு நாள். அதுக்கு மேல என்னால முடியாது. மூணாவது ராத்திரி நான் ஒருத்திதான் உக்காந்திருப்பேன்."

எடித்தா வழியெல்லாம் வளர்த்துக்கொண்டு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தச் சூதாட்டக் கும்பலை அவளால் மன்னிக்க முடியாது, இன்றைக்கும் முடியாது. ஆனால் இந்தத் தாயின் கையில் மிஞ்சியிருந்த ஒரே ஆறுதல் அவர்களிடமிருந்துதான் வந்திருக்கிறது. அதைப் பிடுங்க அவள் யார்? அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, அடக்காமல் அழுதாள்.

அப்போதுதான் பெலாஜியா எதிரே பார்த்தாள். பலகையின் உச்சியில் இரண்டு ஆட்கள் ஏறியிருந்தார்கள். ஒரு மூலைக் கயிற்றை அவிழ்த்தாகிவிட்டது. பிளெக்ஸ் மடங்கி, சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேரை மூடியது.

"என்ன பண்றாங்க?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன்மா. நீங்க இனிமே அதைப் பாக்க வேண்டாம்னு..."

"நிறுத்தச் சொல்லு!" பெலாஜியா அலறினாள். இத்தனை நேரம் வராத அழுகை அந்தக் குரலோடு சேர்ந்து வந்தது. "நிறுத்தச் சொல்லும்மா! யார் யாரோ நாப்பது நாள் உக்காந்தாங்க. பெத்தவ ஒரு நாளாவது உக்கார வேண்டாமா? நாளைக்குக் காலையில எடுத்துக்கட்டும். இன்னிக்கு ஒரு ராத்திரி எனக்குக் குடுங்க!"

போயெத் ஓடினான். இருபது வருஷமாக எதற்கும் ஓடாத மனிதன், வழியில் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு படிகளில் இறங்கி, சாலையோரத்தில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினான். ரேடியோக் குரல் ஹாரன்களை எல்லாம் தாண்டி மேலே போயிற்று. இந்தப் பக்கம் எடித்தா கிகோவிடம் போனில் மன்றாடினாள். அவன் காரணம் கேட்கவே இல்லை. ஐந்து நிமிஷத்தில் மேலே இருந்த ஆட்கள் அவிழ்த்த மூலையை மறுபடி இழுத்துக் கட்டினார்கள்.

செருப்புக்காரி தன் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்தாள். பெலாஜியா பலகையைப் பார்த்தபடி அதன் மேல் உட்கார்ந்தாள். கல்யாணக் கவுன் நனைந்த தரையில் புரண்டது. எடித்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சிரைக்க மேலே வந்த போயெத்தும் உட்கார்ந்தான். ஆபீஸ் விட்டு வருகிற கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

பிறகு பெலாஜியா கேட்டாள்.

"தம்பி, இங்க சீட்டுக்கட்டு கிடைக்குமா?"

"கிடைக்கும்மா."

"வாங்கிட்டு வா. மூணு வாரமா நான் சரியாத் தூங்கல. உக்காந்தபடியே கண்ணை மூடிடுவேன். இன்னிக்கு மூடக் கூடாது."

பாலத்திலேயே ஒருவன் விளையாட்டுச் சாமான் விற்றுக்கொண்டிருந்தான். போயெத் அவனிடம் ஒரு கட்டு வாங்கி வந்து, பிரித்து, கலைத்தான். ஐந்து சீட்டை எடுத்து அவள் முன்னால் கவிழ்த்து வைத்தான்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாள் பெலாஜியா. "ஆரம்பத்துலேருந்து சொல்லிக் குடு."

அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான். எது பெரியது, எது சின்னது, எதோடு எது சேரும். விசிறி மாதிரி விரித்துப் பிடிக்க அவளுக்கு வரவில்லை. ஐந்து சீட்டையும் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எதிரே நிமிர்ந்து பார்த்தபடி, தன் முறைக்காகக் காத்திருந்தாள்.